மரை பொருந்தியது, பிளக் பொருந்தவில்லை

டர்போ பெட்ரோல் எஞ்சின் உள்ள கார் வைத்திருப்பவர்கள், ஸ்பார்க் பிளக் மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று சிலிண்டர்களுக்கு மூன்று பிளக்குகள் மாற்றிய எளிய வேலை எனக்கு ஒரு காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) செலவையும், இரண்டு மாத அலைச்சலையும், பிஸ்டனே போய்விட்டதோ என்ற அச்சத்தையும் தந்தது.

சர்வீசுக்கு விட்ட இடத்தில், பழைய பிளக்குகள் தேய்ந்துவிட்டன என்றும், அதே மாடல் எண் கொண்டவை கையிருப்பில் இல்லாததால் அதைவிட உயர்ந்த இரிடியம் பிளக்குகளைப் போடுவதாகவும் கூறினார்கள். “இரிடியம் 2,400 டிகிரிக்கு மேலதான் சார் உருகும், டர்போ சூடு அதை ஒண்ணும் பண்ணாது” என்றார் சர்வீஸ் ஆலோசகர். அவர் சொன்ன எண் பொய்யன்று. இரிடியத்தின் உருகுநிலை ஏறத்தாழ 2,446 டிகிரி செல்சியஸ். ஆனால் நடு மின்முனை எவ்வளவு காலம் தேயாமல் உழைக்கும் என்பதைத்தான் அந்த எண் காட்டுமே தவிர, பிளக் தன் நுனியின் சூட்டை எவ்வளவு விரைவாகச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்தும் என்பதைக் காட்டாது. இந்த வேறுபாடு அன்று எனக்குத் தெரியாது. ஆலோசகருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்திருக்க வேண்டியது அவர் வேலை.

முதல் சில நாட்கள் குறையேதும் தெரியவில்லை. ஐடிலிங் சீராக இருந்தது, நகருக்குள் மெதுவாக ஓட்டும்போதும் வண்டி இயல்பாகவே சென்றது. மேட்டில் உயர் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, டர்போ காற்றழுத்தம் ஏறும் தருணத்தில் மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு ஒருநாள் செக் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது சிலிண்டரில் கலவை சரியாகப் பற்றாமல் போகிறது என்பதே பின்னதன் பொருள். ஸ்கேனரில் பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டர், என்று வந்ததும் காயில் போய்விட்டது எனக் கூறிப் புதியதை மாற்றினார்கள். குறை தீரவில்லை. அடுத்த முறை சென்றபோது பெட்ரோலின் மீது பழி போட்டார்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள் என்று நான் கேட்டதற்கு, புது பிளக்கை யாராவது கழற்றுவார்களா என்று சிரித்தார்கள்.

வேறொரு பட்டறையில், எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, ஒரு முதிய மெக்கானிக் மூன்றையும் கழற்றினார். பீங்கான் நுனிகள் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. அவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியது வேறொன்றை: பீங்கானில் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருளாம். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை. என் எஞ்சினுக்குக் கையேடு குறிப்பிடும் பிளக்கைவிட இவை வெப்ப எண்ணில், அதாவது நுனியின் சூட்டை எவ்வளவு விரைவாகக் கடத்தும் என்பதைக் குறிக்கும் எண்ணில், இரண்டு படி ‘சூடானவை’. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேறத் தாமதமாகும். அது சூடான பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் அது குளிர்ந்த பிளக். ஒரு படி மாறினாலே நுனியின் வெப்பம் ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி வரை மாறும். நுனி 800 டிகிரியைத் தாண்டிச் சென்றால், தீப்பொறிக்குக் காத்திராமல் கலவை தானாகவே முன்கூட்டிப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு.

மிஸ்ஃபயருக்குக் காரணம், பொறி தாண்ட வேண்டிய மின்முனைகளின் இடைவெளி. கையேட்டில் 0.7 மி.மீ. என்று இருக்க, கம்பி கேஜில் அளந்தபோது 1.1 மி.மீ. இருந்தது. டர்போ இல்லாத எஞ்சின்கள் பலவற்றுக்கு இந்த அளவு சரியானதே. ஆனால் அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படும். காயிலால் அதைத் தர முடியாத நொடியில் பொறி அணைந்துவிடும். ஆகவேதான் மெதுவாக ஓட்டியபோது குறை ஒளிந்துகொண்டது. அப்படித் திணறிய காயில் உண்மையாகவே பழுதாகியிருந்தாலும் வியப்பில்லை. அப்போதும் அதற்குக் காரணம் அவர்கள் போட்ட பிளக்குகளே. இடைவெளியைத் தட்டிக் குறைத்துவிடலாமே என்று கேட்டேன். மெல்லிய இரிடியம் முனை உடைந்துவிடும், அத்துடன் வெப்ப எண்ணும் மாறாது என்று அவர் மறுத்து, கையேட்டில் உள்ள எண் கொண்ட பிளக்குகளையே வரவழைத்து, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினார். அன்றோடு வெட்டி இழுப்பது நின்றது.

பிளக்குகள் துளையில் இறங்கியது, மரையின் விட்டமும் நீளமும் ஒத்திருந்ததால்தான். “இதுவும் அதே அளவுதான்” என்று யாரேனும் சொன்னால், வெப்ப எண்ணையும் இடைவெளியையும் சேர்த்துக் கேளுங்கள். பிளக்கின் மாடல் எண்ணை முழுவதுமாக மதிப்பீட்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுவனம் மாறும்போது கூடுதல் கவனம் தேவை: என்ஜிகே, டென்சோ ஆகியவற்றில் வெப்ப எண் கூடினால் பிளக் குளிர்ந்தது, போஷில் எண் கூடினால் சூடானது. பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது குப்பைக்குப் போய்விட்டன என்றார்கள், ஆகவே அவை உண்மையில் தேய்ந்திருந்தனவா என்பதையும் இனி நிரூபிக்க முடியாது.

கையேட்டின் பக்கம், அளவுகளின் புகைப்படங்கள், கழற்றிய பிளக்குகள் ஆகியவற்றுடன் முதல் பட்டறையில் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். அடுத்த சர்வீசுக்குக் கூலி வாங்கமாட்டோம் என்பதே அவர்கள் தந்த பதில். காயிலுக்கும் பிளக்குகளுக்கும் வாங்கிய பணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.