பேர்மிங்காம் மார்ட்டினி வேட்டைத் துவக்கு: வாங்கியதும் சுட்டதும்

நூறு ஆண்டுகளைக் கடந்த பிரித்தானிய வேட்டை றைபிள் ஒன்றை வாங்க விரும்புபவர், அதைச் சுவரில் மாட்டுவதோடு நிற்காமல் சுடவும் எண்ணியிருந்தால், முதலில் குழலைப் பார்க்க வேண்டும். அடுத்ததாகக் கடதாசிகளைப் பார்க்க வேண்டும். மரத்தின் அழகும் இரும்பில் வெட்டிய கொடிவேலையும் அதற்குப் பிறகுதான். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் இப்படியான பழைய துவக்குகளின் படங்களை அனுப்பி, வாங்கலாமா என்று இங்கே கொக்குவிலில் இருக்கும் என்னிடம் கேட்கிறார்கள். வேலைக்காலம் முழுவதையும் இங்கிலாந்தில் கழித்தவன், இன்றும் கோடை மாதங்களில் அங்கே போய்ச் சுடுபவன் என்பதால் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை, நான் வாங்கிய ஒரு துவக்கை முன்வைத்து இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

துவக்கு, 1880களில் பேர்மிங்காமில் செய்யப்பட்ட மார்ட்டினி வகை வேட்டை றைபிள். குழலின் மேல் விற்றவரின் பெயர் ஒருகாலத்தில் பொறிக்கப்பட்டிருந்திருக்கிறது. கைபட்டுத் தேய்ந்து இப்போது இரண்டு மூன்று எழுத்துகளின் நிழல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பேர்மிங்காம் பட்டறைகள் துவக்கைச் செய்து கொடுக்க, வேறு ஊர்க் கடைக்காரர்கள் தங்கள் பெயரை வெட்டி விற்பது அக்கால வழக்கமாக இருந்தது. ஆகவே பெயர் இல்லாததைப் பெரிய குறையாக நான் எடுக்கவில்லை. விலை குறைவதற்கு அது நல்ல காரணமாகவும் அமைந்தது. குழல் பின்பாதியில் எண்பட்டை, முன்பாதியில் உருண்டை. வால்நட் (அக்ரூட்) மரப் பிடங்கு கருத்து எண்ணெய் ஊறியிருக்கிறது. முன்கட்டையின் நுனியில் கொம்புத் துண்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. நிறை ஏறக்குறைய 4 கிலோ.

இதன் இயக்கத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்கரான பீபொடி 1862இல் காப்புரிமை பெற்ற ஒரு பொறிமுறையை எடுத்து, அதன் வெளிக் குதிரையை (அடிக்கும் சுத்தியலை) நீக்கி, அடிக்கும் ஊசியை, குழலின் பின்வாயை மூடும் அடைப்புக் கட்டைக்கு உள்ளேயே வைத்தவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் மார்ட்டினி. எடின்பரோவின் துவக்குத் தொழிலாளர் அலெக்சாண்டர் ஹென்றி வகுத்த சன்னத்தைச் சுழலச் செய்யும் ஏழு வரிப்பள்ளங்கள் கொண்ட குழலை அதனோடு சேர்த்து, 1871இல் பிரித்தானிய இராணுவம் மார்ட்டினி-ஹென்றி என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. விசைக்குப் பின்னால் உள்ள நெம்பைக் கீழே தள்ளினால் அடைப்புக் கட்டை தாழ்ந்து, தோட்டா வைக்கும் அறை திறக்கிறது. அதே அசைவில் ஊசியும் பின்னே இழுபட்டுத் தயாராகிறது. தோட்டாவை வைத்து நெம்பை மேலே இழுத்தால் வேலை முடிந்தது. வலப்பக்கத்தில் நீர்த்துளி வடிவில் ஒரு சிறிய காட்டி இருக்கிறது. அது சாய்ந்திருக்கும் விதத்தைக் கொண்டு ஊசி இழுபட்டிருக்கிறதா என்பதை இருட்டிலும் விரலால் தடவி அறியலாம். வேட்டைக்காரருக்கென்று செய்த துவக்குகளிலும் இதே பொறிமுறைதான். வேலைப்பாடு மட்டும் மென்மையானது. நெம்பைத் திறந்து மூடும்போது எங்கும் உராயாமல், ஆடாமல், ஒரே சீரான அழுத்தத்தோடு அது போய் அமர்வதைக் கையில் உணர்ந்தவர்கள், அக்காலக் கைத்தொழிலாளர் அரத்தால் செய்த வேலையின் தரத்தை மறக்க மாட்டார்கள்.

வாங்கியது இங்கிலாந்தின் ஒரு நாட்டுப்புற நகரில் உள்ள துவக்குக் கடையில். விளம்பரத்தில் குழல் உட்புறம் குறையற்றது என்று எழுதப்பட்டிருந்தது. என்னோடு வந்த மச்சான் கிளிநொச்சியில் வயல் செய்த குடும்பத்தவர். பன்றிக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு தகப்பனார் வைத்திருந்த துவக்கைப் பார்த்து வளர்ந்தவர். “அத்தான், வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாக்காமல் காசைக் குடுக்காதேங்கோ” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். மார்ட்டினியில் பின்பக்கத்திலிருந்து நேராகப் பார்க்க முடியாது, பொறிமுறைப் பெட்டி மறைக்கும். ஆகவே அடைப்புக் கட்டையைத் தாழ்த்தி, அறையின் வாயில் வெள்ளைக் கடதாசித் துண்டொன்றைச் சாய்வாக வைத்து, அதில் விளக்கொளியை விழவைத்துக் குழல்வாயிலிருந்து பார்த்தோம். முன்பாதி நன்றாக இருந்தது. வரிப்பள்ளங்களின் ஓரங்கள் கூர்மையாகத் தெரிந்தன. அறைக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்குத் துருக்குழிகள் இருந்தன, ஆழமில்லாத கறுப்புப் புள்ளிகளாக. சுட்டபின் கழுவாமல் விட்ட யாரோ ஒருவரின் சோம்பல் அது. கடைக்காரருக்குக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை, விலையைக் குறைத்தார். 1200 பவுணுக்கு முடிந்தது. பின்பாதியில் இருக்கும் மேலோட்டமான குழிகள் குறிபார்ப்பதைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. குழல்வாய்க்கு அருகே, சன்னம் வெளியேறும் இறுதி அங்குலங்களில், தேய்வோ குழியோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. துப்புரவுக் கோலை நெடுங்காலம் முன்வாயால் விட்டுத் தேய்த்த மார்ட்டினிகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு.

குழலின் கீழ்ப்பக்கத்தில் கிரீடத்தோடு குறுக்குச் செங்கோல்கள் கொண்ட பேர்மிங்காம் பரிசோதனை மன்றத்தின் முத்திரைகள் தெளிவாக இருக்கின்றன. 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்த மன்றம் ஒவ்வொரு குழலிலும் மிகையான மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கியதற்கே முத்திரை குத்தும். என் துவக்கில் உள்ள முத்திரை கருமருந்துக்கு உரியது. இன்றைய புகையற்ற மருந்தை இதில் இட்டுச் சுடுவது, சுடுபவரின் கண்ணையும் கையையும் பணயம் வைப்பதாகும். எந்த அளவில் கலந்தாலும் இதற்கு விலக்கில்லை.

இனிக் கடதாசிகள். இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பழம்பொருளாகவோ அழகுப்பொருளாகவோ வைத்திருக்கும் பழைய துவக்குகளுக்கு விலக்களிக்கிறது. எவை பழம்பொருள் என்பதை 2021ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வரையறுத்து, வழக்கொழிந்த தோட்டா அளவுகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. மார்ட்டினி-ஹென்றியின் .577/450 அளவு (என் துவக்கின் தோட்டா அளவும் இதுவே) அந்தப் பட்டியலில் இருப்பதால், சுவரில் மாட்டுபவருக்குச் சான்றிதழ் தேவையில்லை. சுடுவேன் என்ற எண்ணம் வந்த கணமே அந்த விலக்கு போய்விடுகிறது. அப்போது அது மற்ற றைபிள்களைப் போலவே பொலிஸ் வழங்கும் சுடுகலன் சான்றிதழில் ஏறவேண்டும், இரும்புப் பெட்டியில் பூட்டப்பட வேண்டும். கருமருந்தை வாங்கி வைத்திருக்க வெடிபொருள் சான்றிதழ் வேறு. இந்த வேறுபாட்டை விளங்காமல், “பழம்பொருள்தானே” என்று தோட்டாவையும் சேர்த்து வைத்திருப்பவர் பெரிய குற்றத்துக்கு ஆளாகிறார். நான் ஊரில் இருக்கும் மாதங்களில் துவக்கு பதிவுபெற்ற வியாபாரி ஒருவரின் காப்பறையில் இருக்கிறது. அதற்கு ஆகும் கட்டணத்தையும் வாங்குமுன் கணக்கிலெடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து வீட்டுக் கூடத்தில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள் என்பதுதான். இங்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். போரைக் கண்ட மண்ணில், பழையது என்ற பெயரில் ஒரு துவக்கைக் கொண்டுவருவதை நானும் விரும்பவில்லை.

துவக்கு வாங்குவதைவிடப் பெரிய வேலை தோட்டா செய்வது. இதைப் பற்றி விற்பவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். .577/450 தோட்டாவைத் துவக்குக் கடைகளில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பதில்லை. சுடுபவர்கள் பெரும்பாலோர் தாங்களே செய்கிறார்கள். பிரேசிலில் செய்யப்படும் மேக்டெக் நிறுவனத்தின் 24 கேஜ் (சிதறுகுண்டுத் துவக்குகளின் அளவு) பித்தளைக் கோது இதற்கு அடிப்படை. அதை அளவுக்கு வெட்டி, கழுத்தைச் சூடாக்கி மென்மைப்படுத்தி, எண்ணெய் பூசி, அச்சுகளில் படிப்படியாக அழுத்திப் போத்தல் வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் கழுத்தில் சுருக்கம் விழுந்து கோது வீணாகும். முதல் தடவை சுடும்போதுதான் அது நம்முடைய அறையின் வடிவத்தைச் சரியாக எடுக்கிறது. அதன் பிறகு அந்தக் கோதுகளை அந்தத் துவக்குக்கென்றே ஒதுக்கி வைத்தால் நீண்ட காலம் உழைக்கும்.

சன்னத்தில் பலர் இடறுகிறார்கள். 450 என்ற எண்ணைக் குழலின் விட்டம் என்று நம்பி, பிற்கால றைபிள்களுக்கு வார்க்கப்படும் .458 அங்குலச் சன்னத்தை வாங்கி இட்டால், அது குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றாமல் நழுவிப்போய், இலக்கில் பக்கவாட்டாகப் புகுந்த துளைகளை உண்டாக்கும். மென்மையான ஈயத்துண்டொன்றைக் குழலுக்குள் தட்டி மறுபக்கத்தால் எடுத்து நுண்ணளவியால் அளந்தபோது, என் குழலுக்கு .468 அங்குலம் வந்தது. மார்ட்டினிக் குழல்கள் இதற்கு ஓரளவு கூடியும் குறைந்தும் இருப்பதால் ஒவ்வொருவரும் தங்களுடையதை அளந்தே வார்ப்பச்சு வாங்க வேண்டும். இராணுவத் தோட்டாவில் 480 கிறெய்ன் சன்னமும் 85 கிறெய்ன் கருமருந்தும் இருந்தன. அதாவது 31 கிராம் ஈயத்தைத் தள்ள ஐந்தரைக் கிராம் மருந்து. நான் அதற்குக் கீழேதான் நிற்கிறேன். கோதுக்குள் வெற்றிடம் இருக்கவே கூடாது. மருந்துக்கு மேல் மட்டையும் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த உருண்டையும் வைத்து, சன்னத்தின் அடி அதில் இறுக அமரும்படி செய்வதில்தான் சீர்மை இருக்கிறது. இந்த மெழுகு குழலில் படியும் கரியை இளக்கி வைத்திருப்பதால் அடுத்த வெடியும் அதே இடத்துக்குப் போகிறது. ஆரம்பக்காலத்து இராணுவத் தோட்டாவின் கோது மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. சூட்டிலும் மணலிலும் அது அறையில் ஒட்டிக்கொண்டு போர்க்களத்திலேயே துவக்குகள் அடைபட்டன. இழுத்துச் செய்த இன்றைய கோதில் அந்தக் கவலை பெரிதாக இல்லை.

சுட்டது சறே மாவட்டத்தின் பிஸ்லியில். 1859இல் தொடங்கிய தேசிய றைபிள் சங்கம் 1890இலிருந்து அங்கேதான் இயங்குகிறது. பழைய துவக்குகளோடு வருபவர்களை அங்கே வியப்பாகப் பார்ப்பதில்லை. பக்கத்து இடத்தில் சுடுபவர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து கோதைக் கையில் எடுத்துப் பார்த்து, மெழுகில் என்ன சேர்த்தீர்கள் என்று கேட்கும் இடம் அது. 100 யார் தூரத்தில், மேசையில் கையை ஊன்றிச் சுட்டேன். பின்னுதைப்பு பலரும் பயமுறுத்துவது போலத் தோளில் அறைவதாக இல்லை. கருமருந்து மெதுவாக எரிவதால், ஆழமாக, நீளமாக ஒரு தள்ளு. பெருவிரலை மட்டும் பிடங்கின் மேலால் சுற்றாமல் பக்கவாட்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கில் இடிக்கும். வெடித்ததும் வெண்புகை இலக்கை முழுவதாக மறைக்கிறது. கோயில் தேரடியில் வெடி கொளுத்தி முடிந்த பின் நிற்கும் அதே கந்தக வாடை. காற்றில்லாத காலையில் அடுத்த வெடிக்குக் காத்திருக்க வேண்டியும் வருகிறது.

முதலாவது வெடிகள் குறிக்கு மேலே போயின. குழலின் மேல் மடித்து நிமிர்த்தும் பின்குறிகளில் மிகத் தாழ்ந்ததே 100 யாருக்கு உரியது என்று பொறிக்கப்பட்டிருந்தாலும், அது அக்காலத் தோட்டாவை வைத்துச் சரிசெய்யப்பட்டது. நான் இட்ட மருந்துக்கும் சன்னத்துக்கும் அது பொருந்தவில்லை. முன்குறியை அரத்தால் தொடுவதற்கு மனம் வராமல், அதன் மேல் சற்று உயரமான துண்டொன்றைக் கழற்றக்கூடியதாகப் பொருத்தினேன். அதன் பிறகு ஐந்து வெடிகள் நான்கு அங்குலத்துக்குள் அடங்கின. இருபுறமும் திறந்த குறிகளோடு, என் வயதுக் கண்ணோடு, குழியுள்ள குழலில் இது மிக நல்ல பெறுபேறு என்றே கருதுகிறேன். ஈரத்துணியைக் குழலில் விட்டு இடையிடையே துடைக்காமல் தொடர்ந்தால் கரி இறுகி வெடிகள் சிதறத் தொடங்குகின்றன.

வீடு வந்ததும் ஓய்வெடுக்க முடியாது. கருமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஓர் இரவிலேயே துருவை உண்டாக்கும். குழல்வாயைக் கீழே சரித்து, அறைக்குள் குழாயொன்றைப் பொருத்திப் புனலால் கொதிநீரை ஊற்றுகிறேன். முன்வாயால் ஊற்றினால் அழுக்கு நீர் பொறிமுறைக்குள் இறங்கும். முதலில் மையாக வரும் நீர் தெளிந்த பிறகு, சூட்டிலேயே குழல் உலர்ந்துவிடுகிறது. உடனே எண்ணெய்த் துணி. எங்கள் ஊரில் பழைய துவக்குகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிய வீடுகள் இருந்தன. அது நாளடைவில் பசையாகி நெம்பை இறுக்கிவிடும் என்பதால் துவக்குக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயையே நான் பயன்படுத்துகிறேன். ஒரு காலைநேரச் சுடுகைக்கு ஒரு மாலைநேரத் துப்புரவு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்படியான துவக்குகள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதை இலங்கையர் மறந்துவிடக்கூடாது. இதற்கு முந்திய தலைமுறைத் துவக்குகளோடு வந்த மேஜர் றொஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் இந்தத் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றுவிட்டு, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நான் கடதாசியைத் தவிர எதையும் சுடுவதில்லை. என் துவக்கும் இனி வேறெதையும் சுடப்போவதில்லை.

குறைகளில் முக்கியமானது கோது இழுப்பான். அதன் ஒரு பல் தேய்ந்திருப்பதால் சுட்ட கோது பாதிவரை வந்து நிற்கிறது, நகத்தால் எடுக்க வேண்டியிருக்கிறது. விசையும் கனமானது, அதை இலேசாக்கித் தருவதாகச் சொன்ன ஒருவரை நான் அனுமதிக்கவில்லை, ஏனென்றால் மார்ட்டினியில் விசையின் பிடிப்பைக் குறைப்பது தானாக வெடிக்கும் ஆபத்தைக் கூட்டுவதாகும். இழுப்பானுக்குப் புதிய துண்டை ஒரு துவக்குத் தொழிலாளர் இரும்பிலிருந்து வெட்டி அரத்தால் பொருத்தித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்.

பொறுமையும் மேசையில் இருந்து செய்யும் வேலையில் விருப்பமும் உள்ளவருக்கு இந்தத் துவக்கை நான் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். மாதமொருமுறை போய்ப் பெட்டித் தோட்டாவைச் சுட்டுவிட்டு வர விரும்புபவர், .22 அளவில் பி.எஸ்.ஏ. (பேர்மிங்காம் துவக்கு நிறுவனம்) செய்த சிறிய மார்ட்டினி இலக்கு றைபிள் ஒன்றை வாங்கட்டும். இதே நெம்பின் சுகம் அதில் உண்டு, தோட்டாவும் எங்கும் கிடைக்கும். .577/450தான் வேண்டும் என்பவர் விலை பேசும்போது, முன்னைய சொந்தக்காரர் பயன்படுத்திய அச்சுகளும் வார்ப்பச்சும் சுட்ட கோதுகளும் இருக்கின்றனவா என்று கேட்டு, அவற்றையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். தனித்தனியாக வாங்கினால் அவை மட்டுமே நானூறு பவுணைத் தாண்டிவிடும்.