1966 மஸ்டாங்கோடு பன்னிரண்டு கோடை: முதலில் பிரேக், கடைசியில்தான் இஞ்சின்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். என் போர்டு கம்பெனி மஸ்டாங்கில் அதிலுள்ள எண் 6எஃப்07சி என்று தொடங்குகிறது. 6 என்பது 1966, எஃப் என்பது மிச்சிகனில் உள்ள டியர்பார்ன் ஆலை, 07 என்பது ஹார்ட்டாப், அதாவது மடக்க முடியாத தகரக் கூரை, சி என்பது இரண்டு பேரல் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) வைத்த 289 கன அங்குல வி8 இஞ்சின். நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து டியர்பார்ன் அரை மணி நேர ஓட்டம். பிறந்த ஊரிலேயே சுற்றுகிற வண்டி என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம் உண்டு.

2013 மே மாதம் வாங்கினேன். குளிர்காலத்தில் பனி உருக மிச்சிகன் சாலைகளில் உப்பு போடத் தொடங்கியதும் கராஜுக்குள் போகும். ஏப்ரல் மழை உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும். வருடத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓடும். வெல்டிங், டயர் மாற்றுவது, வீல் அலைன்மென்ட் தவிர எல்லா வேலையும் வீட்டில்தான். போர்டு அன்று தன் மெக்கானிக்குகளுக்காக அச்சிட்ட ஷாப் மேனுவலின் மறுபதிப்பு கிடைக்கிறது. வண்டி வாங்குகிறவர்கள் ஸ்பேனர் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

முதல் வருடம் முழுக்க நான் இஞ்சினிலேயே குனிந்து கிடந்தேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே என்று விட்டுவிட்டேன். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். இந்த வண்டியில் அது ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கே கசிந்தாலும் நான்கும் சேர்ந்து போகும். அன்றைய வண்டிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். மஸ்டாங்கில் இரட்டை அறை வந்தது 1967 மாடலில். இரண்டாவது கோடையில், பின் அச்சுக்கு வரும் பழைய ரப்பர் ஹோஸ் கிழிந்து, சிவப்பு சிக்னலை நெருங்கும்போது பெடல் தரைவரை போனது. கியரை லோவுக்குத் தள்ளி, டேஷுக்குக் கீழே இருக்கும் ஹேண்ட் பிரேக் பிடியை இழுத்துத்தான் நிறுத்தினேன். முன்னால் வண்டி எதுவும் இல்லை. இருந்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு தூங்கவில்லை. அந்த ஹோஸைப் புதிதாக மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அடுத்த வாரமே 1967 மாடலின் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைப் போட்டேன். இஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் அதே ஃபயர்வால் தகட்டில் உட்காரும். லைன்களை மட்டும் முன், பின் என்று பிரித்துப் புதிதாக இழுக்க வேண்டும். வண்டியில் ஏற்றும் முன் சிலிண்டரை வைஸில் பிடித்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள். அதைச் செய்யாமல் பூட்டினால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும். பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுக்க வேண்டும். பெடலில் என் மகள். "அமுக்கு" என்பேன். "அமுக்கிட்டேன்ப்பா" என்பாள். "நான் சொல்றவரைக்கும் விடாதே." அப்போது அவளுக்குப் பத்து வயது. நான்கு சக்கரமும் முடிய மாலையாகிவிட்டது, ஒரு முறைகூடக் காலை முன்கூட்டி எடுக்கவில்லை.

2016இல் முன் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க் பிரேக் போட்டேன். வாங்கும் முன் சக்கரத்தை அளந்து பாருங்கள். டிரம் வண்டிக்கு வந்த 14 அங்குல இரும்பு ரிம் பல டிஸ்க் கிட்டுகளில் டிஸ்கைக் கவ்வும் காலிப்பரில் இடிக்கும். எனக்கு ரிம்முக்கும் சேர்த்துச் செலவானது. பின்னால் டிரம்மையே வைத்துக்கொண்டால், பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு தேவை; இல்லாவிட்டால் ஈரச் சாலையில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். இன்னொன்று. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசியை ஊதவே ஊதாதீர்கள். ஈரப்படுத்தித் துடைத்து எடுங்கள்.

அப்புறம் தண்ணீர். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில், காற்று புகும் கம்பித் துவாரங்கள் இருக்கின்றன அல்லவா, அதற்கு அடியில்தான் கவுல். பல வருட இலைச் சருகும் மண்ணும் அங்கே சேர்ந்து, ஈரம் தங்கி, தகரம் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே பளபளவென்று பெயின்ட் இருக்கும், உள்ளே கார்ப்பெட்டுக்குக் கீழே தரை சல்லடையாக இருக்கும். மஸ்டாங் வாங்கப் போகிறவர்கள் தோட்டத்துக் குழாயை எடுத்து அந்தத் துவாரத்தில் தண்ணீர் விட்டு, ஒருவரை டேஷுக்குக் கீழே டார்ச்சோடு படுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள். நான் பார்க்காமல் வாங்கினேன். ஸ்பாட் வெல்ட் ஒவ்வொன்றாகத் துளைத்து மேல் தகட்டைப் பிரித்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. பணமும் அதிகம் போனது அதில்தான்.

இஞ்சினைப் பற்றிக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தீப்பொறிக்காகக் கரண்டைத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 0.017 அங்குலம், வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, தீப்பொறி விழும் நேரமான டைமிங் 6 டிகிரி. இது இரண்டும் சரியாக இருந்தால் காலையில் இரண்டு சுற்றில் பற்றிக்கொள்ளும். ஆயில் மட்டும் யோசித்து வாங்குங்கள். வால்வுகளைத் திறக்கும் இதன் கேம்ஷாஃப்ட்டில் டாப்பெட் உருளாமல் தேய்ந்தபடி ஓடுவது. அதற்கு ஆயிலில் துத்தநாகச் சேர்மம் வேண்டும்; இன்றைய சாதாரண ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய வண்டிகளுக்கென்று விற்கும் 10டபிள்யூ-30தான் நான் ஊற்றுவது, ஃபில்டரோடு 5 குவார்ட். பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பி வெடிக்கும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். போடலாம். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் இந்த வண்டியில் சாவியிலிருந்து, தீப்பொறிக்கு வோல்டேஜைக் கூட்டும் காயிலுக்குப் போவது ஒரு இளஞ்சிவப்பு ஒயர், அதுவே ரெசிஸ்டர். பாயிண்ட் கருகாமல் இருக்க வோல்டேஜைக் குறைப்பது அதன் வேலை. அது தெரியாமல் நான் எலக்ட்ரானிக் மாடியூலுக்கும் காயில் முனையிலிருந்தே கரண்ட் எடுத்தேன். சூடான இஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் இழுத்து இழுத்து நிற்கும். ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்து முழு 12 வோல்ட் கொடுத்த பிறகு ஐந்து வருடமாகத் தொல்லை இல்லை. கழற்றிய பாயிண்ட் பிளேட் டிக்கியில் எப்போதும் இருக்கிறது.

நான்கு பேரல் கார்புரேட்டரும் அதற்கேற்ற மேனிஃபோல்டும் போட்டுப் பார்த்தேன். என் ஓட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை, பெட்ரோல்தான் கூடுதலாகக் குடித்தது. ஒரே வருடத்தில் பழைய இரண்டு பேரல் ஆட்டோலைட் 2100-ஐத் திரும்பப் பூட்டிவிட்டேன்.

முன் சஸ்பென்ஷனில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம் பொருந்தும் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்குவது போர்டு இஞ்சினியர் கிளாஸ் ஆர்னிங் கண்ட வழி. மஸ்டாங்கைப் பந்தயத்துக்கு மாற்றிய கரோல் ஷெல்பி தன் ஜி.டி.350களில் அதைப் பயன்படுத்தினார். வளைவில் வண்டி சாய்வது குறைந்ததை முதல் திருப்பத்திலேயே உணர்ந்தேன். நன்றாகச் செலவான பணம். ஆனால் அதற்குக் காயில் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் கையைக் கொண்டுபோய்விடும். இந்த வண்டிக்கென்றே செய்த ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

மகளுக்கு இப்போது இருபத்தொன்று. வரும் குளிர்காலத்தில் ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரிக்கப் போகிறோம். நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் அளவு ஆட்டம் இருக்கிறது. அட்ஜஸ்ட்மென்டில் சரியாகுமா, உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று திறந்தால்தான் தெரியும். பாகங்களை வாங்கி வைத்துவிட்டாள்.