தோண்டிச் சேமித்த நாடும் தோண்டாமல் விட்ட நாடும்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், மின்நிலையத்தின் கழிவெண்ணெய் ஊறிய அம்மம்மா வீட்டுக் கிணற்றில் அள்ளிய வாளித் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியதை நேரில் பார்த்தவன் நான். ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்குச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைத்தண்ணீர்தான் உயிர். அதனால் ஆர்க்டிக் எண்ணெய் பற்றிய செய்தி வந்தால், எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. தோண்டாதே என்று சொல்வது யார், அந்தச் சொல் நிலைக்குமா என்றுதான் பார்ப்பேன்.

ஆர்க்டிக்கைத் தோண்டாமல் காப்பதில் எந்த நாடு முன்னுக்கு நிற்கிறது என்று கேட்டால், என் கணக்கில் அமெரிக்காவுக்குக் கடைசி இடம். அலாஸ்காவின் வடகிழக்கிலுள்ள வனவிலங்குப் புகலிடத்தில், கரிபூ மான்கள் கன்று ஈனும் கரையோரச் சமவெளி சுமார் 15 லட்சம் ஏக்கர். நாடாளுமன்ற அனுமதியின்றி அங்கே எண்ணெய் எடுக்க 1980 ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. 2017 இல் வரிச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகித் திறந்தார்கள். 2023 இல் பைடன் அரசு அங்கு எஞ்சியிருந்த குத்தகைகளை ரத்துச் செய்தது. 2025 இல் ட்ரம்ப் அரசு மறுபடி திறந்தது. கரிபூவை நம்பி வாழும் குவிச்சின் பூர்வீக மக்களுக்கு ஒவ்வொரு தேர்தலும் வயிற்றில் நெருப்பு.

நோர்வேயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எண்ணெய்க் காசை வாரி இறைக்காமல் 1990 இலேயே சேமிப்பு நிதியச் சட்டம் கொண்டுவந்த நாடு. வடக்கே மீன் தொழிற்சாலையில் நிற்கும் பெரியம்மாவின் மகன், "தை தொடங்கினால் கொட் மீன் முட்டையிட லோஃபோட்டன் பக்கம் வந்திடும். பங்குனி முடியும் மட்டும் எங்களுக்கு லீவு இல்லையடா" என்பார். அந்தக் கடலில் இன்றுவரை எண்ணெய் எடுக்க விடவில்லை. ஆனால் அந்தத் தடையைத் தாங்கி நிற்பது கூட்டணிப் பேரம்தான். அதே அரசு பேரன்ட்ஸ் கடலில் யோகான் காஸ்ட்பர்க் எண்ணெய் வயலில் 2025 இல் உற்பத்தி தொடங்க விட்டது. 2024 தையில் ஆழ்கடல் கனிமத் தேடலுக்கும் நாடாளுமன்றம் கதவைத் திறந்தது. வருட முடிவில் வரவுசெலவுத் திட்ட ஆதரவுக்கு விலையாகச் சோசலிச இடது கட்சி கேட்டபடியால்தான் அனுமதி வழங்கல் தள்ளிப்போனது.

என் தெரிவு கிறீன்லாந்து. சனம் ஏறக்குறைய 57,000. அரசின் செலவில் பாதியளவு டென்மார்க்கின் மானியம். காசு உண்மையாகவே தேவைப்படும் இடம் அது. இருந்தும் 2021 இல் புதிய எண்ணெய்த் தேடல் அனுமதிகளை நிறுத்தியது. அதே வருடம் யுரேனியம் தோண்டவும் சட்டத்தால் தடை போட்டது. நர்சாக் ஊருக்குப் பக்கத்தில், செம்மறி மேயும் நிலங்களுக்கு அருகே உள்ள, யுரேனியம் கலந்த குவானெஃபெல்ட் மலையை உடைப்பதா என்பதுதான் அந்த வருடத் தேர்தலின் பெரிய கேள்வி. உடைக்க வேண்டாம் என்ற கட்சியே முதலிடத்தில் வந்தது. மலையில் முதல் வெடி வைக்க முன்னமே சனத்திடம் கேட்டிருக்கிறார்கள். சுன்னாகத்தில் எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.