நைஜீரியாவா, பிரேசிலா?

பழைய 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பை ஆட்டங்களை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்கள் இந்த இரண்டு அணிகளில்தான் தடுமாறுகிறார்கள்.

கோப்பை: நைஜீரியா 5, பிரேசில் 4.
கடைசியாக வென்றது: நைஜீரியா 2015, பிரேசில் 2019.
நட்சத்திரங்கள்: நைஜீரியாவில் 1993இல் கானு, 2015இல் ஒரே தொடரில் 10 கோல் அடித்த ஒசிமென். பிரேசிலில் 1997இல் ரொனால்டினோ.
சறுக்கல்: இந்தியாவில் நடந்த 2017 தொடருக்கு நைஜீரியா தகுதியே பெறவில்லை. பிரேசில் மட்டும் என்னவாம்? 2019க்குத் தகுதிச் சுற்றில் கோட்டை விட்டது. பெருவிடமிருந்து போட்டி கைமாறி வந்ததால் சொந்த மண்ணில் ஆடியது. இறுதியாட்டத்தில் மெக்சிகோ முதலில் கோல் போட, பெனால்டியில் சமன். 90 நிமிடம் தாண்டி மாற்று வீரர் லாசரோ அடித்தார், 2-1.

படபடப்பு வேண்டுமென்றால் அந்த ஆட்டம். கோல் மழை பார்க்க நைஜீரியா, 2015.