முரில்லோவின் சிறுவனும் பெரோவின் பிள்ளைகளும்

ஐரோப்பிய அன்றாட வாழ்க்கை ஓவியங்களில் பிள்ளைகளின் வறுமையைத் தீட்டியவை பல. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், ஓவியர்கள் தேர்ந்த இருவேறு வழிகள் தெளிவாகப் புலப்படும். ஒன்று, ஸ்பெயினின் செவில் நகரத்து முரில்லோ 1645க்கும் 1650க்கும் இடையில் தீட்டிய 'இளம் பிச்சைக்காரன்'. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றது, ரஷ்யரான வசீலி பெரோவ் 1866இல் தீட்டிய 'திரோய்க்கா'. மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் உள்ளது.

முரில்லோவின் சிறுவன் சுவரோரம் தரையில் அமர்ந்து, கந்தல் சட்டையை விலக்கிப் பேன் பார்த்துக்கொண்டிருக்கிறான். சன்னல் வழியே விழும் வெளிச்சம் அழுக்கேறிய உள்ளங்காலையும் விடாமல் காட்டுகிறது. பக்கத்தில் மண்குடம், கூடையிலிருந்து சரிந்த பழங்கள், தரையில் சிதறிய இறால். அவன் நம்மை ஏறிட்டுப் பார்ப்பதில்லை, எதையும் கேட்பதுமில்லை. ஏழை என்பதற்காக அவனை மன்றாட வைக்காததே முரில்லோவின் பெருமை. ஆயினும், 1649இல் கொள்ளைநோய் செவிலின் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரை வாரிக்கொண்டு போன அந்தக் காலத்தில், இப்பிள்ளை ஏன் தனித்து விடப்பட்டான் என்பதற்குப் படத்தில் விடையில்லை. பின்னாளில் அவர் வரைந்த, பகடை உருட்டும் சிறுவர்களிடமோ வறுமை பார்ப்பவரை உறுத்தாத அழகாகவே ஆகிவிடுகிறது.

திரோய்க்கா என்பது மூன்று குதிரைகள் பூட்டிய வண்டி. பெரோவ் குதிரைகளின் இடத்தில், தொழில் பழக அனுப்பப்பட்ட மூன்று பிள்ளைகளைப் பூட்டியிருக்கிறார். கொடும்பனியில், சறுக்குவண்டியில் ஏற்றிய பெரிய நீர்த்தொட்டியை அவர்கள் இழுத்து வருகிறார்கள். தளும்பி வழிந்த நீர் தொட்டியிலேயே உறைந்து தொங்குகிறது. எவ்வளவு எடை, எவ்வளவு குளிர், என்ன வேலை என்பதெல்லாம் கண்முன் இருக்கின்றன.

நம்மை நோக்கித் திரும்பிய நடுச் சிறுவனின் முகம் கண்ணீரை வரவழைக்கவே தீட்டப்பட்டது என்பாருண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதற்கு மாதிரியாக இருந்த சிறுவன் பின்னர் இறந்துவிட, அவன் தாய் அந்தப் படத்தை விலைக்குக் கேட்டு வந்ததைப் பெரோவே எழுதியிருக்கிறார். அதை அறிந்தபின் அந்த முகத்தை வெறும் உத்தி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒளியைக் கையாளும் திறனில் முரில்லோவே மேல். ஆனாலும் பிள்ளைகளின் வறுமையைப் பற்றிய படம் எது என்றால், நான் 'திரோய்க்கா'வையே சொல்வேன். இந்தத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார் என்பதை, அவரைக் காட்டாமலே அந்தப் படம் தெரிவித்துவிடுகிறது.