மாடியில் சோலார்: ஆன்-கிரிட்டா, ஆஃப்-கிரிட்டா?

சோலார் போடுவது என்று முடிவான பிறகும் இந்தக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மின்வாரிய இணைப்போடு சேர்ப்பதா (ஆன்-கிரிட்), வாரிய இணைப்பில் சேர்க்காமல் பேட்டரி வைப்பதா (ஆஃப்-கிரிட்)?

செலவு
ஆன்-கிரிட்: பேட்டரி இல்லாததால் குறைவு. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம்; 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய்.
ஆஃப்-கிரிட்: பேட்டரி விலை சேரும், இந்த மானியமும் கிடையாது.

கரண்ட் போனால்
ஆன்-கிரிட்: உச்சி வெயிலிலும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக சோலார் இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) தானே அணைந்துகொள்ளும். அவசியமான பாதுகாப்பு இது. ஆனால் பணம் கட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
ஆஃப்-கிரிட்: லைட், ஃபேன் ஓடும்.

மிச்ச மின்சாரம்
ஆன்-கிரிட்: நெட் மீட்டர் (வரும், போகும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வழியே வாரியத்துக்குப் போய், பில்லில் கழியும்.
ஆஃப்-கிரிட்: பேட்டரி நிறைந்தால் வீண்தான்.

ஆயுள், பராமரிப்பு
பேனல் இரண்டிலும் ஒன்றுதான், 25 ஆண்டு தாங்கும். லெட்-ஆசிட் பேட்டரியை மட்டும் நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரும் பார்த்து ஊற்ற வேண்டும்.

பில் எகிறும், கரண்ட் அதிகம் போகாத நகரத்து வீட்டுக்கு என் பரிந்துரை ஆன்-கிரிட். லைன் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு ஆஃப்-கிரிட்தான் வழி. அவ்வப்போது மின்வெட்டு உள்ள ஊரா? ஆன்-கிரிட் போட்டு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் யூபிஎஸ்ஸை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.