இற்றுப்போன தரைக்கு என் நாய் மேல் பழி: கேம்பர் வாடகையில் போன 2,350 டாலர்

2,350 டாலர். டெபாசிட்டாகப் பிடித்து வைத்திருந்த 1,500 முழுசாகப் போச்சு. அதற்கு மேல் 850 டாலரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கார்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். காரணம் என்று எழுதியிருப்பது ஒரே வரி: "நாயின் சிறுநீரால் தரை சேதம்." தரை சேதமாகத்தான் இருந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜிம்மி அந்த வண்டியில் கால் வைப்பதற்கு வெகு நாள் முன்பே இற்றுப்போன தரை அது.

ஆத்திரத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாயோடு இப்படி வண்டி எடுப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

டிரக் கேம்பர் தெரியாதவர்களுக்கு: பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் தூக்கி உட்கார வைத்துக் கட்டிவிடும் ஒற்றை அறை. ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் படுக்கை, கீழே அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், ஒரு அலமாரி. இழுத்துக்கொண்டு போக டிரெய்லர் கிடையாது, சாதாரண பார்க்கிங்கில் நிறுத்தலாம், மண் ரோட்டில் இறங்கலாம். பி.எல்.எம். எனும் அமெரிக்க அரசு நில மேலாண்மைத் துறையின் நிலங்களில் பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். தனியாகப் போகும் பெண்ணுக்கும் ஒரு நாய்க்கும் இதைவிடத் தோதான வண்டி இல்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன். வண்டி வகையில் குற்றமில்லை, வாடகைக்கு விட்ட ஆளிடமும் இடையில் நிற்கும் இணையதளத்திடமும்தான் குற்றம்.

பாதையையே ஜிம்மிக்காகப் போட்டிருந்தேன். யூட்டாவின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் நடைபாதை எதிலும் நாயை விடமாட்டார்கள், கயிறு கட்டியிருந்தாலும் கிடையாது. சயான் பூங்காவில் நாயை விடுவது பாருஸ் பாதை ஒன்றில்தான். அதனால் கேபிடல் ரீஃபில் ஆற்றோரப் பாதையும் பழத்தோட்டங்களும், மோவாப் பக்கம் டெட் ஹார்ஸ் பாயின்ட், கடைசியில் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு என்று நாய்க்குக் கதவு திறந்த இடங்களாகத் தேடித் தேடிக் கோத்தேன். வண்டியும் அப்படித் தேடி எடுத்ததுதான். வண்டி வைத்திருப்பவர்களையும் வாடகைக்குக் கேட்பவர்களையும் சேர்த்துவைத்து நடுவில் கமிஷன் எடுக்கும் தளம் ஒன்று. அதில் "நாய்கள் வரவேற்கப்படுகின்றன" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த வண்டி. ஏன் அவ்வளவு ஆசையாக வரவேற்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

நெவாடாவில் ஒரு ஊரில் வண்டிக்காரர் வண்டியை ஒப்படைத்தார். வயதானவர். டிரக்கிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை, நேராக ஜிம்மி முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். தன் நாய் போன வருஷம் செத்துப்போனதாகச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். புது ஆள் யாரிடமும் சுலபத்தில் ஒட்டாத ஜிம்மி அந்த மனுஷன் தொடையில் தலையை வைத்துவிட்டான். இதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? "தனியாவா போறே? பயப்படாதே, எந்த நேரத்துல வேணும்னாலும் போன் பண்ணு" என்றார். "வெயில் கொளுத்துது, நீ சாமானை ஏத்து, இந்த ஃபாரத்தையும் போட்டோவையும் நான் முடிச்சிடறேன்" என்றார். தளத்தின் ஆப்பில் வண்டி நிலவரத்தைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும், அதைத்தான் அவ்வளவு கரிசனமாகத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அடுப்பு எப்படிப் பற்றவைப்பது, தண்ணீர் பம்பு சுவிட்ச் எங்கே என்று அவர் சொல்லிக்காட்டியதை நான் வீடியோ எடுத்து வைத்தேன். அந்த வீடியோவில் அலமாரிக்குக் கீழே மூலையில் ஒரு மிதியடி கிடப்பது தெரிகிறது. தடிமனான ரப்பர் மிதியடி. "அது அங்கேயே இருக்கட்டும், நாய்க்கு வழுக்காது" என்று அவர் சொல்வதும் அதே வீடியோவில் இருக்கிறது. நாய் மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள்!

யூட்டாவுக்குள் போனதும் ஆகஸ்ட் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் கோடையில் மதியத்துக்கு மேல் இடி இடித்துக் கொட்டும், வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளமே வரும், அதனால் மேட்டில் நிறுத்தியிருந்தேன். வெளியே வெள்ளம் வரவில்லை, உள்ளே வந்தது. அலமாரிக்கு மேலே கூரை மூலையிலிருந்து சுவரோரமாக வழிந்து மிதியடிக்கு அடியில் போய்த் தேங்கியது. மிதியடியைத் தூக்கினேன், குதிகாலை வைத்ததும் தரை அமுங்கியது. ஓரத்தில் வினைல் விரிப்பு கிளம்பியிருந்தது, அடியில் பிளைவுட் கறுத்துப்போய் நார் நாராக இருந்தது. ஸ்குரூ தலையெல்லாம் துரு. ஊறின பழைய மரவாடை. அப்போதே டார்ச் வைத்து ஒவ்வொன்றையும் படம் எடுத்து ஆப் வழியாக அவருக்கு அனுப்பினேன்.

எழுத்தில் பதில் வரவில்லை. போன் வந்தது. இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் எழுதியதற்கெல்லாம் அவர் போனில்தான் பதில் சொன்னார், ஒரு தடவைகூட ஒரு வரி எழுதவில்லை. "பழைய வண்டிம்மா, மேலே இடுக்கை அடைக்கிற சீலன்ட் காய்ஞ்சிருக்கும். துண்டை வெச்சு அடைச்சிடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்." பார்த்துக்கொண்டார், நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

மீதிப் பயணத்தைப் பற்றி எழுத இப்போது மனசில்லை. ஜெனரேட்டர் ஓடும் என்று விளம்பரத்தில் இருந்தது, ஒரு முறையும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏ.சி. இல்லாமல் பூட்டிய கேம்பரில் நாயை விட்டுவிட்டு எங்கும் போக முடியாது, அந்த வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. அதனால் பாதி இடங்களை வண்டிக்குள்ளிருந்தே பார்த்தோம். அதைக்கூட விட்டுவிடலாம்.

திருப்பிக் கொடுத்தபோது சுற்றி வந்து பார்த்தார், கட்டைவிரலை உயர்த்தினார், ஜிம்மிக்கு இன்னொரு பிஸ்கட். மழை ஒழுகியதைப் பற்றிக் கேட்டேன், "சீசன் முடிஞ்சதும் ரிப்பேர் பண்ணணும்" என்றார். சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு கிளெய்ம் வருகிறது: நாய் சிறுநீர், தரை மாற்ற வேண்டும், வாடை போகக் கழுவ வேண்டும், மொத்தம் 2,350 டாலர். கூடவே மிதியடியை எடுத்துவிட்டு எடுத்த படங்கள்.

இது எப்படி நடக்கவே முடியாது என்று சொல்கிறேன், கேளுங்கள். டிரக் கேம்பரில் ஓட்டும்போது நாயை உள்ளே விடமாட்டோம், முன்னால் கேபினுக்கும் பின்னால் அறைக்கும் வழியே கிடையாது. பகல் முழுக்க ஜிம்மி என் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தான். ராத்திரி மேல்படுக்கையில் என்னோடு படுத்தான், தினமும் அவனைத் தூக்கி ஏற்றி என் இடுப்பு போனதுதான் மிச்சம். கீழ்த்தரையில் அவன் நின்றதே சாப்பிடும் நேரம்தான். அவன் புல்லோ மண்ணோ இல்லாத இடத்தில் காலைத் தூக்கமாட்டான், தார்ரோட்டில்கூட மாட்டான், அது வேறு விஷயம்.

சரி, தரையில் மூத்திரம் போனான் என்றே வைத்துக்கொள்வோம். வினைல் விரிப்பின் மேல் ஈரம் பட்டால் மேலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும். தரை இற்றுப்போவது அடியிலிருந்து. கூரை ஓரத்திலும் மூலை இணைப்பிலும் சீலன்ட் வெடித்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவருக்குள் மரச்சட்டம், கீழே பிளைவுட். இறங்கின தண்ணீர் காய வழியில்லாமல் தாழ்வான மூலையில் தங்கித் தங்கி மரத்தைத் தின்னும். என் படங்களில் துரு அலமாரிக்கு உள்ளேயும் இருக்கிறது. கதவு மூடின அலமாரிக்குள் புகுந்து என் நாய் ஸ்குரூ மேல் மூத்திரம் போய்விட்டதா? கேம்பர் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் படங்களைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சொன்னார், இது வருஷக்கணக்கில் ஒழுகின தரை, ஒரு பயணத்தில் இப்படி ஆகாது என்று.

பிறகு ஏன் நாய் மேல் பழி? அதற்கான விடை தளத்தின் விதிகளிலேயே இருக்கிறது, இப்போதுதான் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். பழசாகித் தேய்வதும், பராமரிக்காததால் ஒழுகுவதும் வண்டிக்காரர் பொறுப்பு. வாடகைக்கு எடுத்தவரிடம் அதைக் கேட்க முடியாது. வளர்ப்புப் பிராணியால் வந்த சேதம் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு, நான் தனியாகக் காசு கட்டி எடுத்த பாதுகாப்புத் திட்டத்திலும் அது சேராது. ஆக, மழை என்றால் அவர் செலவு, நாய் என்றால் என் செலவு. நாயோடு ஒருத்தி வரும்வரை காத்திருந்தால் போதும், புதுத் தரைக்கு ஆள் கிடைத்தாச்சு. நாய் வந்து சாட்சி சொல்லவா போகிறது?

அப்புறம் தளத்தோடு அலைந்த கதை. முதலில் சாட்டில் வந்தவர் "உங்கள் வருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்" என்றார். அடுத்தவர் முன்பே அனுப்பின படங்களையே மறுபடி கேட்டார். அனுப்பினேன். மூன்றாமவர் "இந்தப் படங்கள் வாடகைக் காலத்தில் எடுக்கப்பட்டவை, ஆகவே சேதம் வாடகைக் காலத்தில் நடந்ததையே காட்டுகின்றன" என்று எழுதினார். ஒழுகுகிறது என்று நான் கொடுத்த புகாரையே எனக்கு எதிரான ஆதாரமாக்கிவிட்டார்கள்! மிதியடி தெரியும் வீடியோவை அனுப்பினால், "வீடியோவில் தரை தெரியவில்லை" என்று பதில். அதுதானே ஐயா நான் சொல்வது, தரை தெரியாதபடிதானே மூடி வைத்திருந்தார்! அவர் ஏற்றின புறப்பாட்டுப் படங்களிலும் அதே மிதியடிதான். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன், "இரு தரப்பு ஆதாரங்களும் பரிசீலிக்கப்பட்டன, முடிவு இறுதியானது" என்று எழுதி என் புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். புது டிக்கெட் திறந்தால் பழையதோடு இணைத்து அதையும் மூடுகிறார்கள். போன் எண்ணில் இசை மட்டும்தான் கேட்கிறது.

வண்டிக்காரரை அழைத்தேன். "எந்த நேரத்துல வேணும்னாலும் போன் பண்ணு" என்ற மனுஷன் எடுக்கவில்லை. அந்த வண்டியின் பழைய ரிவியூக்களைத் தோண்டிப் பார்த்தேன். நாயோடு போனவர்கள் சிலர் "டெபாசிட் விஷயத்தில் கொஞ்சம் மனவருத்தம்" என்று நாசூக்காக எழுதிவிட்டு நாலு நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார்கள். நாலு நட்சத்திரம்! அந்த நாசூக்கை விட்டு நேராக எழுதியிருந்தால் என் 2,350 டாலர் என் கையில் இருந்திருக்கும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை, அவசரமாகச் சிலது மட்டும். வண்டியில் கிடக்கும் மிதியடி, மெத்தை எல்லாவற்றையும் தூக்கிப் பாருங்கள். தரையின் நாலு மூலையிலும் குதிகாலால் அழுத்துங்கள், அலமாரிக்குள் கைவிட்டுத் தடவுங்கள், மேல்படுக்கை ஜன்னலுக்குக் கீழே சுவர் மெத்தென்று இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். புறப்பாட்டுப் படங்களை நீங்களே எடுத்து நீங்களே ஏற்றுங்கள். உங்கள் புகாருக்கு போனில் பதில் வந்தால், வைத்த கையோடு "நீங்கள் போனில் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஆப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். டயரையும் பாருங்கள், அதன் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் அது தயாரான வாரமும் வருஷமும், 2314 என்றால் 2014-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம். பாரம் சுமக்கும் வண்டிக்கு அவ்வளவு பழசு ஆகாது.

பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், டெபிட் வேண்டாம். கிரெடிட் கார்டில் தப்பான கட்டணம் வந்தால், அது முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும், போனில் சொன்னால் மட்டும் போதாது. 1974-ஆம் வருஷத்து அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அது. நான் இப்போது அந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், 2,350-க்கும் சேர்த்து. அதுவும் நடக்கவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம்.

நெவாடா, யூட்டா பக்கம் நாயோடு கேம்பர் எடுக்க நினைப்பவர்கள் முன்பதிவு செய்வதற்கு முன் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். எந்தத் தளம், எந்த வண்டி என்று சொல்கிறேன், மிதியடி படத்தையும் அனுப்புகிறேன்.